பொய்ச்சாட்சி சொல்வது யார்?

போன மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு தங்கச்சி போன் பண்ணினாள். கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். அவள் குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வரப்போகிறவள். எங்கள் படிப்பு வட்டத்துக்கு இரண்டு வருடமாக வருகிறாள். எடுத்ததும் ஒரே கேள்விதான்:

"அக்கா, நான் பொய்ச்சாட்சி சொல்றவளா?"

அன்று சாயங்காலம் அவர்கள் கல்லூரி ஜெப ஐக்கியத்தில் ஒரு மூப்பர் வந்து செய்தி கொடுத்திருக்கிறார். ஓய்வுபெற்ற அரசு அதிகாரி. தலைப்பு, 'வாலிபரும் நேர்மையும்'. தேர்வில் காப்பி அடிக்காதே, வாங்கிய கடனைத் திருப்பிக் கொடு என்று போய்க்கொண்டிருந்த பேச்சு, கடைசியில் சாதிச் சான்றிதழுக்கு வந்து நின்றிருக்கிறது. "ஞாயிற்றுக்கிழமை அல்லேலூயா, திங்கட்கிழமை இந்து. இப்படிப் பொய்ச் சான்றிதழில் படிக்கிறவர்களைத் தேவன் எப்படி ஆசீர்வதிப்பார்? உச்ச நீதிமன்றமே இதை மோசடி என்று சொல்லிவிட்டது." கூட்டம் ஆமென் சொல்லியிருக்கிறது. இவளும் சொல்லியிருக்கிறாள். சொல்லாமல் இருந்தால் தெரிந்துவிடுமே என்ற பயம்.

அவளுடைய சான்றிதழில் இருப்பது 'இந்து ஆதிதிராவிடர்'. பெயர் வேறு. ஆலயத்தில் கூப்பிடுகிற பெயர் வேறு. அந்தச் சான்றிதழில்தான் கல்வி உதவித்தொகை வருகிறது, விடுதியில் சோறு கிடைக்கிறது.

அன்று ராத்திரி என்னால் அவளுக்குப் பதில் சொல்ல முடியவில்லை. "அழாதே, தூங்கு" என்று மட்டும் சொன்னேன். இது அவளுக்கு நான் சொல்லவேண்டிய பதில். அந்த மூப்பருக்கும் இதில் கொஞ்சம் இருக்கிறது.

ஒரு பத்தி செய்த வேலை

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். நம் இளைஞர்களில் பாதிப் பேருக்கு இது முழுதாகத் தெரியாது.

1950 ஆகஸ்ட் 10 அன்று குடியரசுத் தலைவர் பெயரில் பட்டியல் சாதிகள் ஆணை வெளிவந்தது. அதன் மூன்றாவது பத்தி, இந்து மதத்தைத் தவிர வேறு மதத்தைப் பின்பற்றும் எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார் என்றது. 1956-இல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள். 1990-இல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்றுவரை வெளியே. ஆகஸ்ட் 10-ஐ நாம் கறுப்பு தினமாகக் கடைப்பிடிப்பது இதனால்தான். பழங்குடியினருக்கு இந்த நிபந்தனை கிடையாது. ஒரு முண்டா கிறிஸ்தவர் பழங்குடியாகவே இருக்கலாம். ஒரு பறையர் கிறிஸ்தவர், ஓர் அருந்ததியர் கிறிஸ்தவர் ஞானஸ்நானத் தண்ணீர் பட்ட உடனே பட்டியலிலிருந்து விழுந்துவிடுகிறார்.

தமிழ்நாட்டில் அவர் பி.சி. பட்டியலுக்குப் போகிறார். அங்கே நிலமும் கடையும் கல்லூரியும் வைத்திருக்கிற சாதிகளோடு போட்டி போடவேண்டும். உதவித்தொகை, வேலை என்பதோடு இது முடியவில்லை. தனித்தொகுதியில் நிற்க முடியாது. ஊராட்சியில் எஸ்.சி.க்கு ஒதுக்கிய இடத்தில் நிற்க முடியாது. சாதிப் பெயரைச் சொல்லி அடித்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுக்க முடியாது. 2025-இல் ஆந்திர உயர் நீதிமன்றம் ஒரு தலித் போதகர் கொடுத்த வன்கொடுமை வழக்கை இந்தக் காரணம் சொல்லியே ரத்து செய்தது. அடித்தவனுக்கு அவர் எந்தச் சாதி என்று நன்றாகத் தெரிந்திருந்தது. சட்டத்துக்குத்தான் தெரியாமல் போயிற்று.

இன்னொன்றும் கவனியுங்கள். மதம் மாறியவர் திரும்ப இந்துவானால் பழைய சாதி உயிர்பெற்றுவிடும் என்று உச்ச நீதிமன்றம் 1984-இல் கைலாஷ் சோன்கர் வழக்கில் சொன்னது. 2015-இல் கே.பி. மனு வழக்கிலும் இதே வழியில் தீர்ப்பு வந்தது. கிரகணம் பிடித்த சூரியன் மாதிரி சாதி மறைந்திருக்குமாம், விலகினால் வெளிவருமாம். மறைந்திருந்த காலத்தில் அந்தச் சாதி என்ன செய்துகொண்டிருந்தது என்று நம் சேரியில் கேட்டிருக்கலாம். ஒருநாளும் அது மறையவில்லை என்று சொல்லியிருப்பார்கள்.

மூப்பர் சொன்ன மோசடித் தீர்ப்பு 2024 நவம்பரில் வந்தது. புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண் எஸ்.சி. சான்றிதழ் கேட்டுப் போன வழக்கு. நம்பிக்கை ஒன்று, இட ஒதுக்கீட்டுக்காகச் சொல்லும் மதம் ஒன்று என்றால் அது அரசியல் சாசனத்தின் மீதான மோசடி என்றது நீதிமன்றம். ஞானஸ்நானமும் ஆலயத்துக்குப் போவதும் சாட்சியங்களாக வைக்கப்பட்டன. ஒரு ஏழைப் பெண் ஞாயிற்றுக்கிழமை எங்கே முழங்கால் போடுகிறாள் என்று விசாரிக்க இந்த அரசுக்கு நேரம் இருக்கிறது.

சூசை கேட்ட நியாயம்

சென்னையில் சாலையோரத்தில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்தவர் சூசை. ஆதிதிராவிடர், கிறிஸ்தவர். செருப்புத் தைக்கும் எஸ்.சி. தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தபோது இவருக்குக் கொடுக்கவில்லை. அதே தெரு, அதே ஊசி, அதே தோல், அதே சாதி. கழுத்தில் சிலுவை. அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985-இல் தோற்றார்.

நீதிமன்றம் சொன்ன காரணத்தை ஒவ்வொரு சபையிலும் எழுதி மாட்டவேண்டும். மதம் மாறிய பின்னும் அதே சாதிக்கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்று காட்டப் போதுமான ஆதாரம் தரப்படவில்லை என்றது நீதிமன்றம்.

ஆதாரம் எங்கே இருந்தது? நம் கல்லறைத் தோட்டங்களில் இருந்தது. நம் திருவிழாத் தேர் எந்தத் தெருவோடு திரும்பிவிடுகிறதோ அந்த முக்கில் இருந்தது. திருமணப் பதிவேட்டில் இருந்தது. பாஸ்டரேட் கமிட்டி மினிட் புத்தகத்தில் இருந்தது. ஒரு செருப்புத் தைக்கும் தொழிலாளியிடம் இருக்க முடியாத அத்தனை ஆவணமும் திருச்சபையின் பீரோவில் இருந்தது.

இப்போது 2022-க்கு வாருங்கள். 2004 முதல் நிலுவையில் இருக்கும் வழக்கில் ஒன்றிய அரசு பதில் மனு போட்டது. கிறிஸ்தவத்திலும் இஸ்லாத்திலும் தீண்டாமை இல்லை, ஆகவே இவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதி வேண்டியதில்லை என்றது. மதத்துக்கும் பட்டியல் சாதித் தகுதிக்கும் தொடர்பு இருக்கக் கூடாது என்று 2007-இல் பரிந்துரை செய்த ரங்கநாத் மிஸ்ரா ஆணையத்தின் அறிக்கையை ஏற்க முடியாது என்றும் சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் புது ஆணையம் அமைத்தது. அதன் காலக்கெடு நீட்டிக்கப்பட்டுக்கொண்டே போகிறது. தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரலில் நமக்கு ஆதரவாகத் தீர்மானம் போட்டது. தீர்மானம் டெல்லிக்குப் போனது. அவ்வளவுதான்.

'கிறிஸ்தவத்தில் தீண்டாமை இல்லை.' அரசு சொன்ன இந்த வாதத்தைக் கேட்டதும் எனக்குக் கோபம் வரவில்லை, அடையாளம்தான் தெரிந்தது. இந்த வாக்கியத்தைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறேன். பிரசங்க பீடத்திலிருந்து கேட்டிருக்கிறேன். "சபையில் சாதி இல்லை, பிரியமானவர்களே, எல்லாரும் கிறிஸ்துவுக்குள் ஒன்று." நாம் பெருமைக்காகச் சொன்ன பொய்யை அரசு எடுத்து நமக்கெதிராகச் சத்தியப் பிரமாணம் செய்திருக்கிறது.

தங்கச்சி, பொய்ச்சாட்சி என்ற சொல்லை எங்கே வைக்கவேண்டும் என்று இப்போது தெரிகிறதா? உன் சான்றிதழில் இருக்கும் ஒரு வரியால் நீ ஒருத்தி படிக்கிறாய். பீடத்தில் சொல்லப்படும் அந்த ஒரு வரியால் லட்சக்கணக்கானவர்கள் வழக்கில் தோற்கிறார்கள்.

தெரியாமல் இல்லை

'எங்களுக்குத் தெரியாதே' என்று திருச்சபை சொல்ல முடியாது.

17-ஆம் நூற்றாண்டில் மதுரையில் நொபிலி பிராமண சந்நியாசி வேடத்தில் உயர்சாதியினரிடம் போனார். ஒடுக்கப்பட்ட சாதிகளுக்கு வேறு குருக்கள், பண்டார சுவாமிகள். சாதி வாசலிலேயே நற்செய்தியோடு கைகோத்துக்கொண்டு உள்ளே வந்தது. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபையில் சாதி வேறுபாட்டை உடனே விட்டுவிடவேண்டும் என்று கடிதம் அனுப்பினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் வேளாளக் கிறிஸ்தவர்கள் பெரும் எண்ணிக்கையில் சபையை விட்டே போனார்கள். கிறிஸ்துவை விடலாம், சாதியை விட முடியாது என்று கால்களால் வாக்களித்தார்கள். திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் ஆலயத்தையே இரண்டு கிளையாகக் கட்டி நடுவில் சுவர் வைத்தார்கள். அங்கே சண்டை வேளாளருக்கும் நாடாருக்கும். 1910-இல் குரு கௌசானல் சுவரை இடித்தார். சுவர் வேண்டும் என்று வழக்குப் போட்டவர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் தோற்றார்கள். அன்று சுவரால் அவமானப்பட்ட சாதியினர், நூறு வருடம் கழித்து நம்மோடு எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதை அந்தந்த ஊரில் நீங்களே பாருங்கள்.

சைமன் கமிஷன் வந்தபோது தென்னிந்தியாவின் ஒடுக்கப்பட்ட வகுப்புக் கிறிஸ்தவர்கள் மனு கொடுத்தார்கள். கிறிஸ்தவர்களான பின்பும் நாங்கள் தீண்டப்படாதவர்களாகத்தான் இருக்கிறோம் என்று அதில் சொன்னார்கள். அந்த மனுவை அண்ணல் அம்பேத்கர் மதம் மாறியவர்களின் நிலை பற்றிய கட்டுரையில் எடுத்துக்காட்டுகிறார். அதே கட்டுரையில் படித்த இந்தியக் கிறிஸ்தவர்களை அவர் விடவில்லை. இவர்கள் ஏன் தம் சொந்த மக்களுக்காகப் பேசுவதில்லை என்று கேட்கிறார். அந்தக் கேள்விக்கு வயது எண்பதுக்கு மேல்.

அப்புறம் திருச்சி மேலப்புதூர் கல்லறைச் சுவர். செத்தவர்களுக்கு நடுவில் சுவர். அப்புறம் எறையூர். ஜெபமாலை அன்னை கோயிலில் அவமானப்பட்ட தலித் கிறிஸ்தவர்கள் தங்கள் சகாய மாதா கோயிலைத் தனிப்பங்காக்கச் சொல்லிக் கேட்டார்கள். 2008 மார்ச்சில் தலித் வீடுகள் தாக்கப்பட்டன. காவல்துறை சுட்டதில் இரண்டு பேர் செத்தார்கள். இறந்த இருவரும் வன்னியர் கிறிஸ்தவர்கள். ஒரே ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு நடுவில் சாதி நின்றதால் போன உயிர்கள் அவை. அதற்கும் சேர்த்துத்தான் நான் அழுகிறேன்.

2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டது. திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டது. 2022-இல் ஹைதராபாத் பேராயர் அந்தோணி பூலா முதல் தலித் கர்தினால் ஆனார். இரண்டையும் நான் வரவேற்கிறேன். காகிதத்தில் ஒப்புக்கொண்ட பாவத்துக்குப் பங்கில் பரிகாரம் நடந்ததா என்று கேட்பதையும் நிறுத்த மாட்டேன். எங்கள் சி.எஸ்.ஐ.க்கும் இதே கேள்விதான். திருமண்டலத் தேர்தல் வந்தால் எந்த அணியில் எந்தச் சாதி என்று டீக்கடைக்காரருக்கும் தெரியும். பேராயருக்கு மட்டும் தெரியாது.

மலிவான நேர்மை

மூப்பரிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் சான்றிதழில் உங்கள் சாதி பி.சி. இந்துவாக இருந்தாலும் பி.சி., கிறிஸ்தவராக இருந்தாலும் பி.சி. உங்கள் இயேசுவையும் உங்கள் பிள்ளையின் படிப்பையும் தராசில் வைத்து ஒன்றை எடு என்று எந்தத் தாசில்தாரும் உங்களிடம் சொன்னதில்லை. நீங்கள் நேர்மையாக இருக்க ஒரு ரூபாய் செலவானதில்லை. செலவில்லாத நேர்மையை வைத்துக்கொண்டு, சோற்றைப் பணயம் வைத்து வாழ்கிற பிள்ளைக்குப் பாடம் எடுக்காதீர்கள்.

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். அப்பா உபதேசியார். 'இந்து' என்று எழுதிக் கொடுக்க மாட்டேன் என்றார். எனக்குக் கிடைத்தது பி.சி. சான்றிதழ். பெரியப்பா பையன் எனக்கு அண்ணன். பெரியப்பா எழுதிக் கொடுத்தார். அண்ணனுக்கு எஸ்.சி. ஒரே தாத்தா, ஒரே தெரு, ஒரே ஆலயம், இரண்டு சான்றிதழ். அண்ணன் அரசு வேலைக்குப் போனான். இருபது வருடமாக ஆலயத்துக்கு வரும்போது யாராவது போட்டோ எடுக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறான். மகளுக்குக் கிறிஸ்தவப் பெயர் வைக்கவில்லை. அப்பா விட்டுக்கொடுக்கவில்லை, நான் மதிக்கிறேன். பெரியப்பா விட்டுக்கொடுத்தார், அவரையும் மதிக்கிறேன். இரண்டு பேர் பிள்ளைகளையும் இந்தத் தேர்வுக்கு உட்கார வைத்த அந்த மூன்றாவது பத்தியை மன்னிக்க மாட்டேன்.

மூன்று சமாதானங்கள்

இதையெல்லாம் பேசினால் மூன்று பதில் வரும். தயாராக இருங்கள்.

முதல் பதில்: "இப்போது பேசாதீர்கள். சங்கிகளுக்கு ஆயுதம் கொடுக்கிறீர்கள்." இந்தப் பயத்தை நான் கேலி செய்யமாட்டேன். ஜெபக்கூட்டங்கள் தாக்கப்படுகின்றன, மதமாற்றத் தடைச் சட்டங்கள் மாநிலம் மாநிலமாக வருகின்றன. ஆனால் 2022 பதில் மனுவை இன்னொரு முறை படியுங்கள். அரசின் கையில் ஆயுதமாக இருப்பது நம் மௌனம். நாம் 'இருக்கிறது' என்று சொல்லியிருந்தால் அந்த வாதமே நின்றிருக்காது. அவர்களும் நம் நலனுக்காக 'சாதி இல்லை' என்று சொல்லவில்லை. வெளியே இருக்கும் எதிரியைக் காட்டி உள்ளே இருக்கும் அடியை வாங்கிக்கொள்ளச் சொல்வது எல்லா ஆதிக்கமும் செய்கிற வேலை.

இரண்டாம் பதில்: "கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்றுதானே." ஆமாம். அந்த வசனத்தை எழுதிய பவுல் அதே கடிதத்தில் அந்தியோகியாவில் நடந்ததையும் எழுதியிருக்கிறார். பேதுரு புறஜாதியாரோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பந்தியிலிருந்து எழுந்து விலகிக்கொண்டார். பயம். அவரைப் பார்த்து மற்றவர்களும் விலகினார்கள், பர்னபா உட்பட. பவுல் தனியாகக் கூப்பிட்டுப் பேசவில்லை. எல்லாருக்கும் முன்னால் முகத்துக்கு நேராகக் கேட்டார். கேட்கப்பட்டவர் சாதாரண ஆள் கிடையாது, அப்போஸ்தலர்களில் மூத்தவர். தனிப்பந்திக்கு எதிரான வாக்குவாதம் அந்தக் கடிதத்தின் இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது, 'எல்லாரும் ஒன்று' மூன்றாம் அதிகாரத்தில் வருகிறது. இரண்டைத் தாண்டாமல் மூன்றுக்குப் போக முடியாது.

மூன்றாம் பதில்: "ஜெபிப்போம்." ஜெபிப்போம். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பாடம் நடத்திய பரட்டை என்ற தியாபிலஸ் அப்பாவு, நம் கிராமத்து மெட்டில் பாட்டுக் கட்டினார். திருவிருந்து என்றால் ஒரே உலையில் பொங்கி எல்லாரும் சேர்ந்து தின்பது என்று சொல்லிக்கொடுத்தார். அந்த ஜெபம் எனக்குப் புரிகிறது. அதில் கை நனையும். வாயை மூடிக்கொள்வதற்காகக் கண்ணை மூடுகிற ஜெபம் எனக்குப் புரியவில்லை.

என் பங்கு

இவ்வளவு எழுதுகிற நான் யார்? இதைச் சொல்லாமல் முடித்தால் நானும் அந்த மூப்பர்தான்.

சமூகவியல் முதுகலையில் 'தமிழகக் கிறிஸ்தவத்தில் சாதி' எனக்கு ஒரு தேர்வுக் கேள்வி. நன்றாக எழுதி மதிப்பெண் வாங்கினேன். படித்து முடித்துத் திருச்சபை நடத்துகிற ஒரு சமூகப்பணி நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு ஊரில் ஆய்வு. தலித் தெருவுக்குத் தேர் வராது. பிணம் ஊர்வலமாகப் பொதுத்தெருவில் போகக் கூடாது. எல்லாவற்றையும் எழுதி அறிக்கை கொடுத்தேன். மேலே இருந்தவர் ரொம்ப அன்பாகக் கூப்பிட்டார். "நல்லா எழுதியிருக்கம்மா. இந்த 'சாதி'ங்கிற வார்த்தையை மட்டும் எடுத்துட்டு 'சமூக வேறுபாடு'ன்னு போட்டுடு. வெளிநாட்டுக்காரங்க படிக்கிறது." அன்றைக்கு எனக்கு வீட்டு வாடகை இரண்டு மாதம் பாக்கி. எடுத்துவிட்டேன். பத்தொன்பது இடத்தில் 'சாதி' இருந்தது. ஒவ்வொன்றாக அழித்தேன். அடுத்த வருடம் எனக்குச் சம்பள உயர்வு கிடைத்தது.

என் சான்றிதழில் பொய் இல்லை. அந்த அறிக்கையில் பொய் இருக்கிறது, என் கையெழுத்தோடு.

நம் இயக்கத்திலும் பாருங்கள். மேடையில் சாதி ஒழிப்பு, வீட்டில் உட்சாதிக்குள் மாப்பிள்ளை. பறையர் சபைகளில் அருந்ததியர் பிள்ளை எந்த வரிசையில் உட்காருகிறது? புதிரை வண்ணார் குடும்பம் கமிட்டியில் இருக்கிறதா? நம் கூட்டத்தில் பெண்கள் பேசும்போது தோழர்கள் போனைப் பார்க்கிறார்களா இல்லையா? அடுத்தவன் கல்லறைச் சுவரைக் காட்டுகிற விரல் இதையும் காட்டட்டும்.

ஸ்டான் சாமியின் படத்தை நாம் எல்லாரும் போஸ்டரில் போடுகிறோம். திருச்சிப் பக்கத்துக்காரர், இயேசு சபைத் துறவி. ஜார்க்கண்டில் விசாரணைக் கைதிகளாக அடைபட்ட ஆதிவாசி இளைஞர்களுக்காக நீதிமன்றம் போனார். 2020 அக்டோபர் 8-இல் என்.ஐ.ஏ. கைது செய்தது. பார்கின்சன் நோயால் கை நடுங்கும். தண்ணீர் குடிக்க ஒரு உறிஞ்சு குழலுக்கு நீதிமன்றத்தில் மனுப் போட்டு வாரக்கணக்கில் காத்திருக்கவேண்டியிருந்தது. ஜாமீன் கிடைக்காமலே 2021 ஜூலை 5-இல் 84 வயதில் இறந்தார். கைதாவதற்கு முன், தான் வேடிக்கை பார்க்கிறவனாக இருக்கப்போவதில்லை, அதற்கான விலையைக் கொடுக்கத் தயார் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அவருக்கு மெழுகுவர்த்தி ஏற்றிய எத்தனை பங்குகளில் தேர் இன்னும் பாதித் தெருவோடு திரும்புகிறது? தூரத்து அநியாயத்துக்கு மெழுகுவர்த்தி போதும். பக்கத்துத் தெரு அநியாயத்துக்கு உறவும் வேலையும் போகும்.

அத்சாள் என்ற எஸ்தர்

இப்போது உன்னிடம் வருகிறேன், தங்கச்சி.

வேதத்தில் உன்னைப்போல ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கும் இரண்டு பெயர். வீட்டில் அத்சாள், அரண்மனையில் எஸ்தர். தாய் தகப்பன் இல்லாத பெண். வளர்த்த மொர்தெகாய், நீ எந்த ஜனம் என்று யாரிடமும் சொல்லாதே என்றான். அவள் சொல்லவில்லை. அந்தப் பெயரில் அரண்மனைச் சோறு சாப்பிட்டாள். வேதம் அதற்காக அவளை ஒரு வார்த்தை கண்டிக்கவில்லை. பிழைத்திருப்பது பாவம் என்று அந்தப் புத்தகம் நினைக்கவில்லை. எபிரேய மூலத்தில் அந்தப் புத்தகத்தில் கடவுளின் பெயர்கூட ஓரிடத்திலும் வராது. அதுவும் மறைந்துதான் இருக்கிறது.

அவள் ஜனத்தை அழிக்க ஆமான் கட்டளை வாங்கியபோதுதான் கேள்வி வந்தது. மறைந்திருந்து தப்பிக்கலாம் என்று நினைக்காதே என்று அதே மொர்தெகாய் சொல்லி அனுப்பினான். கூப்பிடாமல் ராஜாவின் முன்னால் போனால் சாவு. மூன்று நாள் பட்டினி கிடந்து, மற்றவர்களையும் பட்டினி இருக்கச் சொல்லி, போனாள். யார் என்று சொன்னாள்.

ஆகவே என் பதில் இது. நீ பொய்ச்சாட்சி இல்லை. அநியாயமான ஒரு வாசலில் குனிந்து நுழைந்தவள். சட்டத்தில் ஆபத்து இருக்கிறது, சான்றிதழ் ரத்தாகலாம். அதை மறைத்துவிட்டு உனக்கு நான் தைரியம் சொல்லமாட்டேன். இனி எந்தச் சான்றிதழோடு நிற்பது என்பதை நீயும் உன் அம்மாவும் முடிவு செய்யுங்கள். எனக்கோ அந்த மூப்பருக்கோ அதில் வேலை இல்லை. நான் உன்னிடம் கேட்பது வேறு. குனிந்து நுழைந்தவள் உள்ளே போனதும் வாசலை மறந்துவிடாதே. உன் பின்னால் வருகிறவள் நிமிர்ந்து வரவேண்டும்.

இதைப் படிக்கிற மற்றத் தம்பி தங்கைகளுக்கும் சில விஷயங்கள்.

உங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். யார் எங்கே அடக்கம் என்று ஒரு வரைபடம் போடுங்கள். தேர் எந்தத் தெருவரை வருகிறது, கமிட்டியில் யார் யார், பாடகர் குழுவில் யார், ஆலயத்தைக் கூட்டுவது யார், தேதியோடு எழுதுங்கள். சூசையிடம் இல்லாமல் போனது அதுதான். ஆணையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அது போகட்டும்.

தனியாகப் போகாதீர்கள். மூன்று பேராகப் போங்கள். எஸ்தருக்கே கூட ஆள் தேவைப்பட்டது.

கோபத்தில்கூட இன்னொருவரின் சான்றிதழை வெளியே சொல்லாதீர்கள். உங்களுடையதைச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அடுத்தவருடையது அவர் பிள்ளையின் சோறு. இதை மீறுகிறவர் என் தோழர் இல்லை.

யாராவது 'சபையில் சாதி இல்லை' என்று சொன்னால் மட்டும் ஆமென் சொல்லாதீர்கள். எதிர்த்துப் பேச அன்றைக்குத் தைரியம் இல்லையா, பரவாயில்லை, சும்மா இருங்கள். ஆமென் வேண்டாம். அங்கேயிருந்து தொடங்கலாம்.

நானும் ஒன்று செய்திருக்கிறேன். அந்தப் பழைய அறிக்கையின் முதல் பிரதி என் பெட்டியில் இருந்தது. பத்தொன்பது இடத்திலும் 'சாதி' அப்படியே இருக்கிறது. ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு, அவர்கள் சம்மதத்தோடு, ஆணையத்துக்கு அனுப்பும் மனுவோடு அதை இணைத்துவிட்டேன். எட்டு வருடம் தாமதம்.

நேற்று தங்கச்சியிடம் இதையெல்லாம் போனில் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டாள்: "அக்கா, அடுத்த ஐக்கியக் கூட்டத்துல மூப்பர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்கலாமா? அவங்க ஊர்க் கல்லறையில எத்தனை வாசல்னு?"

கேள் என்றேன். நானும் வருகிறேன் என்றேன்.

ஜெய் பீம்.